கிளிக் செய்தது எந்த வரியை? – அட்டவணைக் கட்டமும் பிரெஞ்சுப் பதிவேடும்

டெஸ்க்டாப் அப்ளிகேஷனில் ஒரு டேபிள் இருக்கிறது. அதில் ஒரு கட்டத்தின் மேல் மவுஸை வைத்துக் கிளிக் செய்தால் அந்த வரிக்குரிய பதிவு திறக்க வேண்டும். கேட்பதற்கு ரொம்பச் சாதாரண வேலை. எந்த டூல்கிட்டை எடுத்தாலும் பத்து வரி கோடில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து வரிக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கு:

1. கிளிக் எந்தப் புள்ளியில் விழுந்தது?
2. அந்தப் புள்ளியில் திரையில் எந்தக் கட்டம் இருக்கிறது?
3. அந்தக் கட்டத்தில் தெரிவது யாருடைய பதிவு?

முதல் இரண்டுக்கும் டூல்கிட்டே பதில் சொல்லிவிடும். மூன்றாவதுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலையே மூன்றாவதுக்கும் பயன்படுத்திக்கொள்வதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றித்தான்.

ஒரு ஏற்பாடு: ரோ என்பதை 'வரி' என்றும், மேலிருந்து கீழாக ஓடும் காலத்தை 'பத்தி' என்றும், செல்லை 'கட்டம்' என்றும் எழுதுகிறேன். 'வரிசை' என்று வந்தால் அது அடுக்குமுறையை மட்டும் குறிக்கும்.

ஏன் இதில் இவ்வளவு கவனம்?

புதுச்சேரியின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைப் படித்து என் சொந்த ஆராய்ச்சிக்காக ஒரு டேபிளில் ஏற்றி வருகிறேன். காலனிகளின் பதிவேடுகளில் ஒரு நகல் பிரான்சுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று 1776 ஜூனில் ஓர் அரசாணை வந்தது. அப்படிச் சேர்ந்தவை இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றை ஸ்கேன் செய்த படங்களாக இங்கிருந்தே பார்க்கலாம்.

நம் ஊரில் இந்தப் பதிவுகள் வெறும் பழங்கதை இல்லை. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. அதனால்தான் இன்றும் ஒரு பேரனுக்கோ பேத்திக்கோ தாத்தாவின் பிறப்புப் பதிவு எண் தேவைப்படுகிறது. அந்த இடத்தில் 'பக்கத்து வரி திறந்துவிட்டது' என்பது சின்ன பக் இல்லை. ஒருவருடைய தாத்தா வேறொருவருடைய தாத்தாவாக மாறிவிடுவார்.

டேபிளில் கட்டம் என்ற பொருளே கிடையாது

நான் ஜாவா ஸ்விங்கை வைத்தே விளக்குகிறேன். க்யூட்டி, டாட்நெட் ஆட்களுக்குக் கடைசியில் தனிப்பகுதி இருக்கு.

ஸ்விங்கின் ஜே-டேபிள் திரையில் 20 வரி, 6 பத்தி காட்டினால் 120 கட்டங்கள் தெரியும். அந்த 120-ம் 120 பொருள்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. டேபிள் ஒன்றே ஒரு பொருள். ரெண்டரர் என்ற ஒரு சின்னக் கருவியை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே போகிறது. ரிஜிஸ்திரார் ஆபீசில் ஒரே ரப்பர் ஸ்டாம்ப்பை நூறு தாளில் குத்துகிற மாதிரி. தாளில் தெரிவது ஸ்டாம்ப்பின் தடம்தான், ஸ்டாம்ப் இல்லை.

புதிதாக வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது: 'ரெண்டரருக்குள் ஒரு பட்டன் வைத்து, அதற்கு லிசனரும் போட்டேன். கிளிக் பண்ணா ஒண்ணுமே நடக்கலை, ஏன்?' திரையில் இருப்பது பட்டனின் தடம். தடத்தை அழுத்தினால் பட்டன் எப்படி அசையும்? கிளிக் டேபிளுக்குத்தான் போகும். எனவே லிசனரை டேபிளின் மேல்தான் வைக்க வேண்டும்.

ஜே-டேபிளில் 'கட்டம் கிளிக் ஆனது' என்று தனியாக ஓர் ஈவென்ட் இல்லாததற்கும் இதுவே காரணம். மவுஸ் ஈவென்ட் கொண்டுவருவது ஒரு புள்ளியை மட்டும்: இடமிருந்து இத்தனை பிக்ஸல், மேலிருந்து இத்தனை பிக்ஸல்.

புள்ளியிலிருந்து கட்டத்துக்கு

அந்தப் புள்ளியை ரோ-அட்-பாயின்ட் என்ற மெத்தடிடம் கொடுத்தால் வரி எண் வரும். காலம்-அட்-பாயின்ட் மெத்தடிடம் கொடுத்தால் பத்தி எண் வரும். இரண்டுமே 0-விலிருந்து எண்ணப்படும். கட்டம் எதுவும் இல்லாத இடத்தில் கிளிக் விழுந்திருந்தால் -1 வரும். அந்த -1 வந்ததா என்று பார்க்காமல் மேலே போனால், கடைசி வரிக்குக் கீழே உள்ள வெற்றிடத்தை யாராவது தட்டியவுடனே எக்ஸெப்ஷன் எகிறும்.

லிசனர் டேபிளின் மேலேயே இருக்கட்டும், சுற்றியுள்ள ஸ்கிரால் பேனின் மேல் வேண்டாம். டேபிளின் மேல் இருந்தால் வரும் புள்ளி டேபிளின் மூலையிலிருந்து அளக்கப்பட்டது. ஆயிரம் வரி கீழே ஸ்கிரால் செய்திருந்தாலும் கணக்கு சரியா வரும். ஸ்கிரால் பேனிலிருந்து வரும் புள்ளியில் அந்த நகர்வு சேர்ந்திருக்காது.

இந்த இடத்தில் 'கெட்-செலெக்டட்-ரோ' என்ற இன்னொரு மெத்தடும் கண்ணில் படும். அது சொல்வது தேர்வாகி இருக்கும் வரியை. கிளிக் விழுந்த வரியை அல்ல. இடது கிளிக்கில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வலது கிளிக்கில் அப்படி இருக்காது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கட்டத்திலிருந்து பதிவுக்கு

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கையில் இருப்பது திரையில் எத்தனையாவது வரி என்ற எண். பதிவுகள் இருப்பது மாடலில். டேபிளை யாரும் வரிசை மாற்றாதவரை திரை வரியும் மாடல் வரியும் ஒன்றுதான். தலைப்பைத் தட்டிப் பெயர்வாரியாக அடுக்கிய உடனே இரண்டும் பிரிந்துவிடும். ஜாவா 6-ல் ரோ-சார்ட்டர் வந்த பிறகு ஒரே ஒரு வரி கோடு எழுதினாலே இந்த வசதி கிடைத்துவிடுகிறது. அதனால் பிரிவும் சுலபமாக வந்துவிடுகிறது.

பழைய பிரெஞ்சுப் பதிவேட்டு முறையைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. 1792 செப்டம்பர் 20 சட்டம் பிறப்பு இறப்புப் பதிவை மாதாகோயிலிடமிருந்து எடுத்து கொம்யூன் நிர்வாகத்திடம் கொடுத்தது. பதிவேட்டில் நாள் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் போடுவார்கள். ஆண்டு முடிவில் அகர வரிசையில் ஒரு பெயர்ப் பட்டியல், பத்து ஆண்டுக்கு ஒருமுறை பத்தாண்டு அட்டவணை. தேடுபவர் பார்ப்பது பெயர்ப் பட்டியலை, பதிவு இருப்பது பதிவேட்டில். பட்டியலில் பெயருக்கு எதிரே தேதியோ எண்ணோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். 'பட்டியலில் இவர் ஏழாவது பெயர், அதனால் பதிவேட்டில் ஏழாவது பக்கம்' என்று எந்தக் குமாஸ்தாவும் போகமாட்டார்.

நம்ம கோடு அதைத்தான் சர்வசாதாரணமா செய்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பெயர்கள் கற்பனை. மாடலில், அதாவது பதிவேட்டு வரிசையில், ஐந்து பிறப்புகள்:

வரி 0 – பதிவு எண் 1 – சுப்பராயன்
வரி 1 – பதிவு எண் 2 – அருணாசலம், தகப்பனார் வீரப்பன்
வரி 2 – பதிவு எண் 3 – முருகேசன்
வரி 3 – பதிவு எண் 4 – அருணாசலம், தகப்பனார் சின்னசாமி
வரி 4 – பதிவு எண் 5 – கோவிந்தசாமி

பெயர்ப் பத்தியில் இருப்பது பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சில் 'உ' ஒலிக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும். ஆக முருகேசன் எம்-ஓ-யூ என்றும், சுப்பராயன் எஸ்-ஓ-யூ என்றும் தொடங்கும். பெயர்வாரியாக அடுக்கினால் திரையில் வருவது:

வரி 0 – அருணாசலம் – பதிவு எண் 2
வரி 1 – அருணாசலம் – பதிவு எண் 4
வரி 2 – கோவிந்தசாமி – பதிவு எண் 5
வரி 3 – முருகேசன் – பதிவு எண் 3
வரி 4 – சுப்பராயன் – பதிவு எண் 1

இப்போது திரையில் வரி 1-ஐக் கிளிக் செய்யுங்கள். வேண்டியது சின்னசாமி மகன் அருணாசலம், பதிவு எண் 4. கோடு எண்ணை மாற்றாமல் நேராக மாடலின் வரி 1-க்குப் போனால் திறப்பது பதிவு எண் 2. அவரும் அருணாசலம்தான்! ஆனால் வீரப்பன் மகன். முருகேசனைக் கிளிக் செய்து அருணாசலம் திறந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்போம். இங்கே கிளிக் செய்த பெயரே திறந்த பதிவிலும் இருக்கிறது. எல்லாம் சரியா இருக்குன்னு நினைத்து, சின்னசாமி மகனுக்கு எழுத வேண்டிய குறிப்பை வீரப்பன் மகனுக்கு எழுதிவிடுவோம். எந்த எர்ரரும் வராது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது விதிவிலக்கு இல்லை, அதுதான் வழக்கம்.

மருந்து ஒரே ஒரு மெத்தட்: கன்வர்ட்-ரோ-இண்டெக்ஸ்-டு-மாடல். திரை வரி 1-ஐக் கொடுத்தால் 3 என்று தரும். மாடலின் வரி 3 பதிவு எண் 4. சரியான அருணாசலம். ஃபில்டர் போட்டுச் சில வரிகளை மறைத்திருந்தாலும் இதுவே போதும். பத்திகளை இழுத்து இடம் மாற்றுகிறவர்களும் உண்டு. அதற்கு இதேபோல கன்வர்ட்-காலம்-இண்டெக்ஸ்-டு-மாடல் இருக்கிறது.

வரி எண்ணையும் சேமித்து வைக்காதீர்கள்

மாடல் வரி எண் கிடைத்ததும் வேலை முடிந்த மாதிரி தோன்றும். இன்னும் ஒரு படி பாக்கி. பதிவு ஒரு தனி விண்டோவில் திறந்திருக்கிறது. அதற்குள் பின்னால் டேபிளில் ஒரு வரி நீக்கப்படுகிறது. அதற்குக் கீழுள்ள மாடல் எண்கள் எல்லாம் ஒன்று குறையும். விண்டோவில் 'சேமி' அழுத்தினால் அது பழைய எண்ணுக்குப் போய் எழுதும்.

எனவே மாடல் எண்ணை வைத்துக்கொண்டு அந்த நொடியே பதிவின் சாவியை எடுத்துவிட வேண்டும், எண்ணைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்தப் பதிவேடுகளில் பதிவு எண் மட்டும் சாவியாகாது. எண் ஆண்டுதோறும் 1-லிருந்து ஆரம்பிக்கும். பிறப்புக்கு ஒரு பதிவேடு, இறப்புக்கு இன்னொன்று. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று கொம்யூனும் வேறுபடும். கொம்யூன், பதிவு வகை, ஆண்டு, எண் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு.

பெயரைச் சாவியாக வைக்கலாமே என்றால், கூடவே கூடாது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் பாரம்பரியச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்தின் முன்னோடியான வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். அதற்கு முந்தைய பதிவில் ஒரு பெயர், பிந்தைய பதிவில் இன்னொரு பெயர். ஆள் ஒருவர்தான்.

ஆக, லிசனருக்குள் இருக்க வேண்டிய படிகள் இவ்வளவுதான்:

1. புள்ளியை எடு.
2. புள்ளியிலிருந்து திரை வரியை எடு. -1 என்றால் திரும்பிவிடு.
3. திரை வரியை மாடல் வரியாக மாற்று.
4. மாடல் வரியிலிருந்து சாவியை எடு.
5. சாவியை வைத்துப் பதிவைத் திற.

வலது கிளிக்

ஜே-டேபிளில் இடது பட்டன்தான் தேர்வை மாற்றும். வலது பட்டன் மாற்றாது. பத்தாவது வரி நீலமாகத் தேர்வாகி இருக்கிறது. நீங்கள் மூன்றாவது வரியில் வலது கிளிக் செய்கிறீர்கள், மெனு மூன்றாவது வரியின் பக்கத்திலேயே திறக்கிறது, 'நீக்கு' என்கிறீர்கள். மெனுவின் கோடு தேர்வான வரியை எடுத்து வேலை செய்தால் போவது பத்தாவது வரி. அதனால் மெனுவைத் திறப்பதற்கு முன்பே கிளிக் விழுந்த வரியைத் தேர்வாக்கிவிட வேண்டும். அப்போது கண்ணுக்குத் தெரிவதும் கோடு எடுப்பதும் ஒன்றாக இருக்கும்.

மெனுவை எப்போது திறப்பது என்பதும் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். விண்டோஸில் பட்டனை விடும்போது, மேக்கிலும் லினக்ஸிலும் அழுத்தும்போது. இஸ்-பாப்அப்-ட்ரிகர் என்ற கேள்வியை அழுத்தும் ஈவென்ட்டிலும் விடும் ஈவென்ட்டிலும், இரண்டு இடத்திலும், கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

ஒரு கிளிக், இரண்டு கிளிக்

டபுள் கிளிக் செய்தால் ஒரே ஓர் ஈவென்ட் வராது. முதலில் எண்ணிக்கை 1 என்று ஒன்று, பிறகு 2 என்று இன்னொன்று. ஆகவே ஒற்றைக் கிளிக்குக்கு ஒரு வேலையும் டபுள் கிளிக்குக்கு வேறொரு வேலையும் கொடுத்தால், டபுள் கிளிக் செய்பவருக்கு இரண்டுமே நடக்கும். டைமர் வைத்து முதல் கிளிக்கைத் தாமதப்படுத்தலாம். விண்டோஸில் டபுள் கிளிக்குக்கான இயல்பான இடைவெளி 500 மில்லிசெகண்ட் என்பதால், ஒவ்வொரு ஒற்றைக் கிளிக்குக்கும் அரை நொடி காத்திருக்க வேண்டி வரும். என் வழி எளிது: ஒற்றைக் கிளிக் தேர்வு மட்டும் செய்யும், டபுள் கிளிக் திறக்கும். எதையும் மாற்றுகிற, நீக்குகிற வேலையை ஒற்றைக் கிளிக்கில் வைப்பதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அழுத்துவதற்கும் விடுவதற்கும் நடுவில் மவுஸ் நகர்ந்துவிட்டால் ஜாவாவில் 'கிளிக்' ஈவென்ட் வராமலே போகலாம். தேர்வு மட்டும் அழுத்தும்போதே மாறிவிடும். வரி நீலமாகும், பதிவு திறக்காது. கை நடுங்கும் பெரியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 'கம்ப்யூட்டர் என் பேச்சைக் கேக்கமாட்டேங்குது' என்பார்கள். அவர்களுக்காகவே 'திற' என்று ஒரு பட்டனும், எண்டர் கீயும் கொடுத்துவிடுவது நல்லது. ஜே-டேபிளில் எண்டர் இயல்பாக அடுத்த வரிக்குத் தாவும். அதை நாம்தான் மாற்றி அமைக்க வேண்டும். மூன்று வழியும் மேலே சொன்ன ஐந்தாவது படியைத்தான் கூப்பிட வேண்டும், தனித்தனியாக எழுதக் கூடாது.

எடிட் நடக்கும்போது

கட்டத்துக்குள் எழுதத் தொடங்கியதும் அங்கே தடம் இல்லை, உண்மையான ஓர் எடிட்டர் வந்து உட்கார்ந்துவிடும். அதன்மேல் விழும் கிளிக் டேபிளின் லிசனருக்கு வராது. அது சரிதான், இருக்கட்டும்.

ஆபத்து வேறு இடத்தில். தகப்பனார் பெயரைக் கட்டத்தில் தட்டிவிட்டு, எண்டர் அழுத்தாமல், டேபிளுக்கு வெளியே உள்ள 'சேமி' பட்டனுக்குப் போகிறோம். எடிட்டர் இன்னும் மூடவில்லை. தட்டிய பெயர் மாடலுக்குப் போய்ச் சேரவில்லை. பழைய மதிப்புதான் சேமிக்கப்படும். திரையிலோ புதிய பெயர் தெரிந்துகொண்டே இருக்கும். டெர்மினேட்-எடிட்-ஆன்-ஃபோகஸ்-லாஸ்ட் என்ற பிராப்பர்ட்டியை 'ட்ரூ' ஆக்கினால் வெளியே போனவுடன் எடிட் முடிந்துவிடும். டேபிளை உருவாக்கும் இடத்திலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்.

மற்ற டூல்கிட்டுகளில்

க்யூட்டியில் க்ளிக்ட், டபுள்-க்ளிக்ட் என்று தனித்தனி சிக்னல்கள். கையில் மாடல்-இண்டெக்ஸே வந்துவிடும். ஆனால் நடுவில் சார்ட்-ஃபில்டர்-ப்ராக்ஸி இருந்தால் அந்த இண்டெக்ஸ் ப்ராக்ஸியினுடையது. மேப்-டு-சோர்ஸ் போட்டால்தான் அசல் கிடைக்கும். அதே அருணாசலம் கதை, வேறு பெயரில்.

டாட்நெட்டின் டேட்டா-கிரிட்-வியூவில் செல்-கிளிக் ஈவென்ட்டே வரி, பத்தி எண்களைத் தரும். தலைப்பைத் தட்டினால் வரி எண் -1. டேட்டா-பவுண்ட்-ஐட்டம் வழியாகப் போனால் நேராகப் பதிவே கிடைக்கும், எண்ணைத் தொடவே வேண்டாம்.

எக்ஸெல் மேக்ரோவில் ஒற்றைக் கிளிக்குக்கு ஈவென்ட்டே கிடையாது. தேர்வு மாறும் ஈவென்ட்டை வைத்துச் சமாளிப்பார்கள். ஏற்கெனவே தேர்வான கட்டத்தையே மறுபடி தட்டினால் அது வராது.

சோதிக்கும்போது

வரிசை மாற்றாத டேபிளில் எவ்வளவு சோதித்தாலும் இந்தப் பிழை வெளியே வராது. அங்கே திரை எண்ணும் மாடல் எண்ணும் ஒன்றுதானே? ஆகவே சோதனைக்கு இப்படி ஒரு டேபிளை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே பெயரில் குறைந்தது இரண்டு பேர். பெயர்ப் பத்தியைத் தட்டி இறங்கு வரிசையில் அடுக்கியது. ஒரு ஃபில்டர் போட்டு முதல் சில வரிகளை மறைத்தது. இரண்டு பத்திகளை இழுத்து இடம் மாற்றியது. பிறகு பாதிக்குமேல் ஸ்கிரால் செய்தது. இந்த நிலையில் இடது கிளிக், வலது கிளிக், டபுள் கிளிக், எண்டர் நான்கையும் ஒரே வரியில் செய்து பாருங்கள். நான்கும் ஒரே பதிவு எண்ணைத் தர வேண்டும்.

பெயரைப் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள், பதிவு எண்ணைப் பாருங்கள். திறக்கும் விண்டோவின் தலைப்பிலும் பெயரோடு கொம்யூன், ஆண்டு, எண் மூன்றையும் சேர்த்தே காட்டுங்கள். அப்படி இருந்தால், கோடு எங்கேயாவது தவறினாலும் பதிவைத் தேடி வந்தவர் தலைப்பைப் படித்தே 'இது எங்க தாத்தா இல்லையே' என்று சொல்லிவிடுவார்.